குவார்ட்டரின் கணக்கு

டாஸ்மாக் கடையில் வாங்கும் குவார்ட்டர் பாட்டிலின் லேபிளில், விலைக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே, 42.8 சதவீதம் என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் பெரும்பாலும் இதே எண்தான். 180 மில்லியில் 77 மில்லி எத்தனால் என்பது அதன் பொருள். எடை போட்டால் சுமார் 61 கிராம். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 'ஆடிட்' கேள்வித்தாள் 10 கிராமை ஓர் அளவாகக் கொள்கிறது. அந்தக் கணக்கில் ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரித்துத் தீர்க்கும். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்தவரின் ரத்தத்தில் விடியும் வரை அது ஓடிக்கொண்டிருக்கும். 60 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டரை மளமளவென்று குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் சேரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வைத்திருக்கும் வரம்பு 30. 'ஒரு கட்டிங்தான் போட்டேன்' என்று வண்டியை எடுப்பவர் அந்த 90 மில்லியிலேயே வரம்பை இரண்டு மடங்கு தாண்டியிருப்பார்.

குடிப்பவர்கள் கிராமில் எண்ணுவதில்லை, பாட்டிலில் எண்ணுகிறார்கள். கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல் என்று கடை வகுத்த அளவே வாடிக்கையாளரின் அளவாகிவிட்டது. இங்கே விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்த கடும் மது. அது குடிக்கப்படும் விதமும் தனி. கடைக்குப் பக்கத்திலேயே நின்றபடி, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், கையில் கொஞ்சம் சுண்டலோ மாங்காய்த் துண்டோ, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நாள் கூலிக்காரருக்கு உட்கார நேரமும் இல்லை, இடமும் இல்லை. வெறும் வயிற்றில், குறைந்த தண்ணீரில், விரைவாக என்ற இந்த மூன்றும் சேரும்போது அதே 61 கிராம் உடலில் வேறு மாதிரி இறங்குகிறது.

சென்னை தரமணியைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டருக்குள் இந்தக் கணக்கின் பல பக்கங்களையும் பார்க்க முடியும். ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே வி.எச்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கிருந்து ரயில்பாதையைக் கடந்தால் இந்திரா நகர். அதன் நான்காவது பிரதான சாலையில் டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்க்கும் போதைநோய்க்கும் மட்டுமேயான மருத்துவமனை. அடையாறு பக்கம் இன்னும் கொஞ்சம் போனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் பிறந்த புற்றுநோய் மருத்துவமனை. இம்மூன்றும் வெவ்வேறு காரணங்களுக்காக, வெவ்வேறு காலத்தில் எழுந்தவை. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் நோய் என்று பார்த்தால் மூன்றுக்கும் தொடர்பு உண்டு.

டி.டி.கே. மருத்துவமனையின் பின்னால் ஒரு வீட்டுத் துயரம் இருக்கிறது. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் 1979-ல் குடிநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுகளில்தான். பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். வெளிநாட்டுச் சிகிச்சை வரை போய்ப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அடுத்த ஆண்டே கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். குடி என்றால் ஒழுக்கக்கேடு, குடிகாரன் என்றால் திருந்தாதவன் என்று ஊரே பேசிய காலத்தில், இது ஒரு நோய், இதற்குச் சிகிச்சை உண்டு என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்ததுதான் பெரிய விஷயம். குடும்பத்துக்குள் பூட்டி வைக்கும் செய்தியைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியவர் அவர். 1992-ல் பத்மஸ்ரீயும், 1999-ல் ஐ.நா.வின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவருக்குக் கிடைத்தன.

நோய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 'மனசு வெச்சா நிறுத்திடலாம்' என்பது எல்லா வீட்டிலும் சொல்லப்படும் வாக்கியம். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவரின் மூளைக்குள் நடப்பதைப் பார்த்தால் அது எவ்வளவு ஆபத்தான வாக்கியம் என்று புரியும். மூளையில் அடக்கும் வேலையைச் செய்வது காபா என்ற வேதிப்பொருள். தூண்டும் வேலையைச் செய்வது குளூட்டமேட். மது முதலாவதைக் கூட்டி இரண்டாவதைக் குறைக்கிறது. மிதப்பும் தூக்கமும் வருவது அதனால்தான். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது. அடக்குவதைத் தளர்த்தி, தூண்டுவதை முடுக்கி வைத்துக்கொண்டு, மது இருப்பதையே இயல்பு நிலையாக்கிவிடுகிறது. அந்த நிலையில் மது திடீரென்று நின்றால் கடிவாளம் இல்லாத குதிரையாகிறது நரம்பு மண்டலம்.

நின்ற ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். 'காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்' என்று குடிநோயாளிகள் சொல்வது இந்த நடுக்கத்தைத்தான். அவர்கள் அப்போது இன்பத்துக்காகக் குடிப்பதில்லை. சட்டைப் பொத்தானைப் போட, டீ டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கக் குடிக்கிறார்கள். வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை என்று அது வளரும். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை ஒரு சிலருக்குச் சித்தப்பிரமை உண்டாகும். சுவரில் பூச்சி ஊர்வதாகவும், கட்டிலடியில் யாரோ ஒளிந்திருப்பதாகவும் அவர்கள் பார்ப்பார்கள். இரவு முழுவதும் இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டார் பேய் பிடித்ததென்று நினைத்து வேறு இடத்துக்கு அழைத்துப் போவதும் உண்டு. மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று அழைக்கும் இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஹெராயின் நின்றால் வரும் வேதனை பயங்கரமானது, ஆனால் பொதுவாக அதுவே ஆளைக் கொல்வதில்லை. மது நின்றால் கொல்லும். கடையில் பகிரங்கமாக விற்கும் பொருளைப் பற்றிய இந்த உண்மை அதை வாங்குபவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

2020-ல் தமிழகம் முழுவதும் இது வெளிச்சத்துக்கு வந்தது. மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தபோது டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடின. குறைத்துக்கொள்ள அவகாசம் இல்லை. மருத்துவமனைகள் கொரோனாவில் மூழ்கியிருந்தன. சில வாரங்களில் ஷேவிங் லோஷனையும் வார்னிஷையும் குடித்துச் சிலர் செத்துப்போனதாகச் செய்திகள் வந்தன. அதைப் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இப்படியும் ஒரு வெறியா என்றார்கள். அது வெறி இல்லை. நடுங்கும் உடம்பு கையில் கிடைத்த சாராய வாடையை நோக்கிப் போனது. மே 7 அன்று சென்னை நீங்கலாகக் கடைகள் திறந்தன. அடுத்த நாளே உயர்நீதிமன்றம் மூட உத்தரவிட்டது. உச்சநீதிமன்றத் தடையாணைக்குப் பின் மறுபடி திறந்தன. சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. அந்த ஐந்து மாதம் திறப்பதா மூடுவதா என்று நடந்த வாதத்தில், மது நின்றுபோனவர்களுக்கு எந்த வார்டில் எந்த மருந்து கிடைக்கும் என்ற கேள்வி பெரிதாக எழவே இல்லை.

மருந்து கடினமானதும் அல்ல. டயசிபாம், லோரசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரைகளில் ஒன்றை முதல் நாள் போதிய அளவில் கொடுத்து, ஐந்து முதல் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே பி1 வைட்டமினாகிய தயமின் ஊசி. குடியே உணவாகிப்போனவரின் உடலில் தயமின் வற்றியிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளூக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, மனம் குழம்பும். அதையும் கவனிக்காமல் விட்டால் புதிய நினைவுகளைச் சேர்த்து வைக்கும் திறனே போய்விடும். காலையில் சாப்பிட்டது நினைவில்லாமல், அந்த இடைவெளியை நடக்காத கதைகளால் நிரப்பிப் பேசும் நாற்பது வயதுக்காரர்கள் உண்டு. மலிவான ஒரு வைட்டமின் தடுத்திருக்கக் கூடிய கேடு இது.

இதற்கெல்லாம் மாற்றாக வீடுகளில் நடப்பது வேறு. பேருந்து நிழற்குடைகளிலும் மின்கம்பங்களிலும் 'குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்' என்ற விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருக்கும். சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கும் அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால் ஆபத்து மிக அதிகம். மது உடைந்து உருவாகும் அசெட்டால்டிஹைடு மேற்கொண்டு உடையாமல் அது தடுத்துவிடும். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். நோயாளி விவரம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடும்போது அது பயனுள்ள மருந்து. தெரியாமல் கொடுத்தால் மாரடைப்பு வரைக்கும் போகலாம். புருஷன் உயிரைக் காப்பாற்ற நினைத்துக் கலந்து கொடுக்கும் பெண் மீது பழி சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவளுக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை.

கோயிலில் கயிறு கட்டுவதும், பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதும், சபரிமலைக்கு மாலை போடுவதும் நம் ஊரின் வழிகள். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சரியல்ல. மாலை போட்ட நாட்கள் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விடிகாலைக் குளியல், வேளைக்குச் சாப்பாடு, 'சாமி' என்று ஊரே மரியாதையாக அழைப்பது, கூட்டமாகப் பஜனை. குடிநோயாளிக்குத் தேவையான பலவும் அந்த ஒழுங்குக்குள் இருக்கின்றன. கடுமையாகக் குடிப்பவர் மருத்துவ உதவியின்றி ஒரே நாளில் நிறுத்தினால் முன்பு சொன்ன வலிப்பு வரலாம் என்பது ஒரு சிக்கல். மாலையைக் கழற்றிய பிறகு சேர்ந்தாற்போல் எல்லா ஆதரவும் போய்விடுவது இன்னொன்று. திரும்பி வரும் வண்டியிலேயே பலர் பழைய வழிக்குப் போய்விடுகிறார்கள். நிறுத்துவதும் நிறுத்திய நிலையில் வாழ்வதும் இரண்டு தனி வேலைகள்.

உடம்பின் மற்ற சேதங்கள் சத்தமில்லாமல் வருபவை. கல்லீரலில் கொழுப்பு படிவது சில வாரக் குடியிலேயே தொடங்கும். குடியை விட்டால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்தது அழற்சி. அதற்கடுத்தது கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது. கண் மஞ்சளாகும்போது பல குடும்பங்கள் முதலில் தேடுவது கீழாநெல்லியை. மஞ்சள் காமாலை என்றால் நாட்டு மருந்து என்ற பழக்கத்தில் ஒரு மாதம் ஓடிவிடும். பிறகு வயிற்றில் நீர் கோத்து, உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் வெடித்து ரத்த வாந்தி எடுத்த பின்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். புற்றுநோய் இன்னும் தாமதமாகத் தெரியும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று அந்தப் பட்டியல் நீளும். குடியோடு பீடி சிகரெட்டோ ஹான்ஸ் புகையிலையோ சேரும்போது வாய்ப் புற்றின் ஆபத்து இரண்டையும் கூட்டி வரும் அளவைத் தாண்டிப் பெருகுகிறது. கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வீட்டில் நடக்கும் சேதத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அடிக்கடி போதையேறும் கணவர்களைக் கொண்ட பெண்களில் 70 சதவீதம் பேர் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். குடிக்காத கணவர்களைக் கொண்டவர்களில் 23 சதவீதம். அந்த 23-உம் சின்ன எண் அல்ல. ஆனாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பயங்கரமானது. எண்ணில் வராதவை வேறு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாசலில் செருப்புச் சத்தத்தை வைத்தே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று கண்டுபிடிக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். மாடிக் குடியிருப்புகளில் கதவு சாத்தியிருப்பதால் வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அரசின் கணக்கேடு தனி. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கலால் வருவாய் போனதை ஈடுகட்ட 1939-ல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் அதுதான் முன்னோடி. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் மு. கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது, 1974-க்குள் மீண்டும் மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983-ல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்காகப் பிறந்தது. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. 2023-24-ல் இதன் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். மதுவை இழந்ததற்கு ஈடாக வந்த விற்பனை வரி இன்று மது மீதே விதிக்கப்பட்டு, ஆயத்தீர்வையோடு சேர்ந்து கஜானாவுக்குப் போகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் சில நூறு கடைகளை மூடுவதாக ஓர் அறிவிப்பு வரும். வருவாய் மட்டும் குறைவதில்லை. கல்லீரல் வார்டுச் செலவும், விபத்துச் சிகிச்சையும், வேலைக்குப் போகாத நாட்களும், பிள்ளை படிப்பை நிறுத்தியதும் எந்த வரவு செலவு அறிக்கையிலும் இந்த வருவாய்க்கு எதிரே எழுதப்படுவதில்லை. அப்படி எழுதாதவரை அதை வருமானம் என்று அழைப்பதே தவறு.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது பதில் வாதம். கடைகள் திறந்திருந்தபோதே அது நடந்தது. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் சித்தாமூர் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர். இரண்டிலும் கொன்றது மெத்தனால். டாஸ்மாக் குவார்ட்டரை வாங்க முடியாதவர்களுக்கு அதைவிடக் குறைந்த விலையில் கிடைத்த பாக்கெட் அது. வாசனையிலும் சுவையிலும் மெத்தனாலை எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாது. உடலுக்குள் அது மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற அரை நாள், சில சமயம் ஒரு நாள் ஆகும். அதுவரை வெறும் போதை என்றே தோன்றும். பிறகு வயிற்று வலி, கண்ணில் பனி படர்ந்ததுபோல் மங்கல், மூச்சு வாங்கல். அந்த அமிலம் முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். பிழைத்தவர்களில் சிலர் குருடாவது இதனால்தான். ஃபோமெபிசோல் அல்லது எத்தனாலை மருந்தாகவே கொடுத்து மெத்தனாலின் மாற்றத்தைத் தடுத்து, டயாலிசிஸ் செய்தால் காப்பாற்றலாம். நேரம் மட்டும் தப்பக் கூடாது.

மதுவைத் தாண்டிய போதையின் கதைக்கு வி.எச்.எஸ். வளாகத்துக்குத் திரும்ப வேண்டும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 1993-ல் சுனிதி தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் பின்னர் இந்த வளாகத்தில் இயங்கியது. சென்னையில் எண்பதுகளில் 'பிரவுன் சுகர்' என்ற மட்டமான ஹெராயினைப் புகைத்தவர்களில் பலர், விலை ஏறியபோது, மருந்துக் கடையில் கிடைத்த புப்ரெனார்ஃபின் ஊசிக்கு மாறினார்கள். ஒரே சிரிஞ்சை நான்கைந்து பேர் பகிர்ந்தார்கள். 2005 வாக்கில் ஒய்.ஆர்.ஜி. கேர் ஊசி போட்டுக்கொள்ளும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி.யும், பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் சி-யும் இருந்தன. பின்தொடர்ந்த ஆண்டுகளில் நேர்ந்த இறப்புகளுக்கு எய்ட்ஸை முந்திய காரணம் ஊசியின் அளவு மீறியது. இந்தியாவில் எச்.ஐ.வி. என்றாலே ஒழுக்கம் பற்றிப் பேசிய காலத்தில், ஒரு சுத்தமான ஊசி இல்லாததால் செத்தவர்களைப் பற்றிப் பேச இந்த வளாகம் தேவைப்பட்டது.

அதே புப்ரெனார்ஃபின் இன்று மருந்தாகவும் திரும்பி வந்திருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்துத் திட்டத்தில் மையத்துக்கு வரும் நோயாளி, பணியாளர் முன்னிலையில் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடுகிறார். ஊசியில் போனால் வேகமாக ஏறி வேகமாக இறங்கும் அதே பொருள், நாக்கடியில் கரையும்போது மெதுவாக ஏறி நாள் முழுவதும் நிற்கிறது. நடுக்கமும் தேடலும் அடங்கும். வேலைக்குப் போக முடியும். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா' என்ற கேள்விக்குப் பதில் அந்த ஆட்களின் நாளில் இருக்கிறது: ஊசி தேடி ஓடாத ஒரு நாளில்.

இப்போது சென்னையில் ஊசி மறுபடி வேறு உருவில் பரவுகிறது. டாபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். பலர் பதின்ம வயதினர். வெளிமாநிலத்திலிருந்து கூரியரில் வரும் மாத்திரைகளோடு இளைஞர்கள் பிடிபடுவது நகரச் செய்திகளில் வாடிக்கையாகிவிட்டது. மாத்திரையில் மருந்தைத் தவிர அதைக் கட்டிப்பிடித்து வைக்கும் மாவும் டால்க்கும் உண்டு. அவை கரையாது, ரத்த நாளத்தை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கும். கையில் சீழ்க்கட்டி, அழுகல், சில சமயம் கையையே எடுக்க வேண்டிய நிலை. அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். அந்த வேளையில் நலாக்சோன் ஊசி நிமிடங்களில் மீட்கும், பக்கத்தில் இருக்கும் நண்பன் பயந்து ஓடாமல் ஆம்புலன்சை அழைத்தால். கஞ்சாவைப் பற்றி ஒன்று மட்டும்: மூலிகைதானே என்ற பேச்சை நம்பிப் பள்ளி வயதில் தொடங்குபவர்களுக்கு, மனநோய்க்கான வாய்ப்பு உள்ளவர்களாக இருந்தால், பிரமையும் சந்தேகமும் விரைவாக வந்து சேரும். இருபதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அது. வைட்னரும் பஞ்சர் சொல்யூஷனும் முகர்வது இன்னும் சிறியவர்களின் பழக்கம்; 2019-ல் வெளியான தேசிய ஆய்வில் முகரும் பொருட்களின் பயன்பாடு பெரியவர்களைவிடச் சிறார்களிடம் இருமடங்காக இருந்தது.

சட்டம் இரண்டு குரலில் பேசுகிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பயன்படுத்துவதையே குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவோடு பிடிபட்ட அடிமை தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. இந்தப் பிரிவைக் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. அதன்படி மறுவாழ்வு மையங்கள் பதிவு செய்ய வேண்டும், மருத்துவர் இருக்க வேண்டும், நோயாளிக்கு உரிமைகள் உண்டு. நடைமுறையில் ஒரு வாடகை வீடு, பூட்டிய கதவு, நள்ளிரவில் வேனில் வந்து தூக்கிப்போகும் நான்கு ஆட்கள் என்று நடக்கும் மையங்கள் நகரைச் சுற்றி முளைத்தன. 2022-ல் ராயப்பேட்டையில் ஒரு தனியார் மையத்தில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்கே பதிவானது. குடும்பம் பணம் கட்டி அனுப்பிய இடம் அது. அடியால் ஆகும் சிகிச்சை எதுவும் இல்லை.

முறையான சிகிச்சை ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். முதல் வாரம் உடலுக்கு: நடுக்கம், தூக்கம், சத்து. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. தனி ஆலோசனை, குழுவாக உட்கார்ந்து பேசுவது, நோயைப் பற்றிய வகுப்பு. டி.டி.கே. மருத்துவமனை தொடக்கத்திலிருந்தே குடும்பத்துக்கும் தனியாக அமர்வுகள் நடத்துகிறது. கணவரின் குடியை மறைத்து, அலுவலகத்துக்குப் பொய் சொல்லி, கடனை அடைத்து, கோபத்தை விழுங்கியே பல ஆண்டுகள் வாழ்ந்த மனைவிக்கும் சிகிச்சை தேவை என்பதை அங்கே முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஊரை விட்டு வர முடியாதவர்களுக்காகத் திருவாரூர் பக்கத்து மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய முகாம்கள், இந்த வேலையைப் பெரிய கட்டடம் இல்லாமலும் செய்யலாம் என்று காட்டின: ஒரு கூடம், மருத்துவர், ஆலோசகர்கள், ஊர்ப் பெரியவர்களின் ஒத்துழைப்பு. தமிழகத்தின் ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் இப்படிப் பத்துப் படுக்கை இருக்க வேண்டும். மது வருவாயின் சிறு துளியில் அது முடியும்.

சிகிச்சை முடித்தவர்களில் கணிசமானோர் மறுபடி குடிக்கிறார்கள், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். 'பார்த்தியா, இவனெல்லாம் திருந்தவே மாட்டான்' என்று உறவினர்கள் கைகழுவும் நேரம் அதுதான். சர்க்கரை ஏறிப்போன நீரிழிவுக்காரரை யாரும் அப்படிச் சொல்வதில்லை, மருந்தை மாற்றுவார்கள். இங்கும் செய்ய வேண்டியது அதுவே. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் தேடலைக் குறைக்க உதவும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நகரின் பல பகுதிகளில் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. வீடு திரும்பும் முன் ஆலோசகர் நோயாளியோடு உட்கார்ந்து ஆபத்தான இடங்களையும் நாட்களையும் ஒவ்வொன்றாக எழுதுவார்: சம்பள நாள், கல்யாண வீட்டு மாடி, சாவு வீட்டின் முதல் ராத்திரி, பழைய கூட்டாளியின் போன். ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்க வேண்டும், துட்டி கேட்கப் போனால் கூட யார் வருவது, வேலை முடிந்ததும் கடை இல்லாத எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு நடப்பது என்பது வரை அந்தத் தாளில் இருக்கும்.